ஆகஸ்டில் அழுகிய வேர்கள்: துபாய்ப் புறநகரில் ஒரு மண்ணில்லாக் குடிலின் இரண்டு கோடைகள்

யாருடைய குடில், எதற்காக

துபாயின் கிழக்குப் புறநகரில், அல் அவீர் பக்கம், ஒரு பழைய பேரீச்சைத் தோட்டத்தின் மூலையைக் குத்தகைக்கு எடுத்து, மண்ணில்லாமல் சத்துநீரில் கீரை வளர்க்கும் இந்தப் பசுமைக்குடிலைப் போட்டார்கள். 9 மீட்டர் அகலம், 36 மீட்டர் நீளம். உரிமையாளர் கீழக்கரைக்காரர், பல ஆண்டுகள் காய்கறி இறக்குமதி செய்தவர். 2020 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் நின்றபோது, அவற்றில் சரக்காக வந்துகொண்டிருந்த லெட்டூஸும் புதினாவும் ஒரே வாரத்தில் அருகிப்போனதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தவர். அப்போதிருந்தே இங்கேயே விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு.

குடிலின் மேற்பார்வையாளர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஊரில் தக்காளியும் கத்தரியும் போட்ட குடும்பம். உதவிக்கு நேபாளத் தொழிலாளர்கள் இருவர். நான் பயிர் ஆலோசகர், மாதம் இருமுறை போய்ப் பார்ப்பேன், மற்ற நாட்களில் போனில் பேசிக்கொள்வோம். இதை உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். இங்கே சொல்லும் தவறுகளில் முதல் தவறு என்னுடையது என்பதால் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அமீரகத்தில் ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உணவில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2018 நவம்பரில் அரசு உணவுப் பாதுகாப்புக்கான 2051 வரையிலான திட்டத்தை அறிவித்த பிறகு, மண்ணில்லா வேளாண்மையில் பணம் போட நிறைய பேர் வந்தார்கள். அல் மக்தூம் விமான நிலையத்தை ஒட்டி 2022 ஜூலையில் திறந்த புஸ்தானிகா ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ கீரை வகைகளுக்காகக் கட்டப்பட்டது. அது முழுக்க மூடிய கட்டடம், எல்.இ.டி. விளக்கில் வளரும் அடுக்குப் பண்ணை. நம்முடையது அந்த இனம் இல்லை. பாலித்தீன் கூரை, சூரிய வெளிச்சம், ஒரு பக்கம் ஈரமான கூலிங் பேட் (நீர் வடியும் தடுப்பு, அதன் வழியே வரும் காற்று அந்த நீரை ஆவியாக்கிக் குளிரும்), எதிர்ப்பக்கம் காற்றை இழுக்கும் ஃபேன்கள். பாலைவனத்தில் பிளாஸ்டிக் கூரைக்குள் காய்கறி வளர்ப்பதும் புதிதல்ல. அபுதாபியின் சாதியாத் தீவில் 1970களின் தொடக்கத்திலேயே அரிசோனா பல்கலைக்கழகத்தார் கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிலில் வெள்ளரியும் தக்காளியும் விளைவித்திருக்கிறார்கள்.

எப்படி அமைத்தோம்

லெட்டூஸுக்கு என்எஃப்டி முறையைத் தேர்ந்தெடுத்தோம். லேசான சரிவோடு வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் சேனல்களின் அடியில் சத்துநீர் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். வேர் பாதி நீரிலும் பாதி காற்றிலும் இருக்கும். மீந்த நீர் தொட்டிக்கே திரும்பும். குடிலில் ஒரே நேரத்தில் சுமார் 6,000 செடி நிற்கும். நாற்று மட்டும் குழித்தட்டில், தேங்காய் நார்க்கழிவில். அந்தக் கட்டிகள் பொள்ளாச்சியிலிருந்து வந்தவை. முதல் மூட்டையைப் பிரித்தபோது மேற்பார்வையாளர் அதைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

தோட்டத்துக் கிணற்று நீர் உப்பு. அதனால் குழாயில் வரும் கடல்நீர் சுத்திகரித்த நீரையே பயன்படுத்தினோம். அதில் உப்பு குறைவு, ஆகவே செடிக்கு வேண்டிய ஒவ்வொரு சத்தையும் நாமே கரைத்துக் கொடுக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட் ஒரு தொட்டியில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொன்றில். இரண்டையும் அடர்கரைசலாகவே கலந்துவிட்டால் சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும்.

தினமும் காலை 6 மணி, முற்பகல் 11 மணி, மாலை 5 மணி என மூன்று வேளை இசி (நீரில் கரைந்திருக்கும் உப்பு, சத்தின் அளவு), பிஎச் (நீரின் அமிலத்தன்மை), குடிலின் காற்று வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஒரு நோட்டு. அதன் கட்டங்களை நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். நீரின் வெப்பத்துக்கு ஒரு கட்டம் போடவில்லை.

முதல் குளிர்காலம்

2022 அக்டோபரில் முதல் நாற்றை வைத்தோம். நவம்பர் முதல் மார்ச் வரை சொல்ல அதிகமில்லை. சேனலுக்கு மாற்றியதிலிருந்து ஐந்து வாரத்தில் அறுவடை, வேர் பால்வெள்ளை, இலை நொறுங்கும் பதம். உரிமையாளரின் பழைய வாடிக்கையாளர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். காலையில் வெட்டியது மதியம் சமையலறையில் இருக்கும் என்பதை இறக்குமதியால் செய்துகாட்ட முடியாது. அந்த ஐந்து மாதம் எங்களுக்குத் தேவைக்கு மேல் நம்பிக்கை கொடுத்துவிட்டது.

மே, ஜூன்: காய்ந்த வெயில்

மே மாதம் வெளியே 42, 43 டிகிரி தொட்டது. பேடில் நீர் ஓட, ஃபேன்கள் ஓட, உள்ளே 29, 30 டிகிரியில் நின்றது. காற்று காய்ந்திருக்கும்வரை இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். 45 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால், பேடைத் தாண்டி வரும் காற்றின் வெப்பம் 15 டிகிரி அளவுக்குக் குறைந்திருக்கும்.

அந்த மாதத் தண்ணீர்க் கட்டணத்தைப் பார்த்துவிட்டு உரிமையாளர் கூப்பிட்டார். "மண்ணில்லா விவசாயத்துக்குத் தண்ணியே பிடிக்காதுன்னு சொன்னீங்களே சார்?" என்றார். நியாயமான கேள்வி. பேடுக்குத் தனி மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஜூன் மாதத்தில் செடிகள் குடித்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பேட் குடித்திருந்தது. ஆவியாகும் நீரோடு, பேடில் உப்பு ஏறாமல் இருக்க அவ்வப்போது கழித்துவிட்ட நீரும் அதில் சேரும். வயலில் போடுவதைவிட 90 சதவீதம் நீர் மிச்சம் என்று இந்தத் தொழிலில் பேசும்போது பெரும்பாலும் வேருக்குப் போகும் நீரை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பாலைவன நகரத்தில் குளிர்விக்கும் நீரைச் சேர்க்காத கணக்கு முழுக் கணக்கு இல்லை.

ஜூன் நடுவில் ஒரு பிற்பகல் பம்ப் நின்றது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்ய நாடு முழுக்கத் தடை உண்டு. குடிலுக்குள்ளும் நாங்கள் அதையே கடைப்பிடித்தோம், இன்றும் கடைப்பிடிக்கிறோம். மூன்று மணிக்கு உள்ளே போனபோது ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. என்எஃப்டியில் நீர் மெல்லிய படலம் மட்டுமே, கையிருப்பு கிடையாது. பம்ப் நின்றால் கோடையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மாற்றுப் பம்ப் ஒன்று வாங்கி, பழுதானால் மணி அடிக்கும்படி வைத்தோம். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம்.

ஜூலைக் கடைசி: காற்றில் ஈரம் ஏறியது

ஜூலை பிற்பாதியில் வளைகுடாவிலிருந்து ஈரக் காற்று வரத் தொடங்கியது. வெளி வெப்பம் 38க்கு இறங்கியதால் ஆட்கள் கொஞ்சம் நிம்மதியானார்கள். செடிக்கு நிலைமை தலைகீழ். 38 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் பேடால் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறக்க முடியாது. 45 டிகிரிக் காய்ந்த நாளில் 30 இருந்த குடில், 38 டிகிரி ஈர நாளில் 32, 33 ஆனது. இரவிலும் பேடை ஓட்டிக்கொண்டே இருந்ததால் உள்ளே ஈரப்பதம் 90ஐத் தொட்டது.

முதலில் தெரிந்தது இலை நுனிக் கருகல். உள் இலைகளின் ஓரம் பழுப்பாகிக் காய்ந்தது. இது கால்சியக் குறைவின் அடையாளம் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரியும். அதனால் கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டினார். கருகல் நிற்கவில்லை, இசி மட்டும் ஏறியது. தொட்டியில் கால்சியம் போதுமான அளவு இருந்தது. செடிக்குள் கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும், இலை நீரை ஆவியாக்கினால்தான் நீர் ஏறும். காற்று நனைந்து கிடந்தால் உள்ளே மூடிய இளம் இலைகள் ஆவியாக்காது, கால்சியமும் அங்கே போய்ச் சேராது. இரவில் பேடை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட்டச் சொன்னேன். அது கொஞ்சம் உதவியது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் செடிகள் மதியத்தில் வாடி மாலையில் நிமிர்ந்தன. நான்காம் நாள் சில நிமிரவில்லை.

தவறாகப் படித்த பத்து நாள்

இந்தப் பகுதியை விரிவாகவே எழுதுகிறேன். இழப்பின் பெரும்பகுதி இங்கே நடந்தது.

வாட்டத்தைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொண்டோம். நீரோட்டத்தைக் கூட்டினோம். பலன் இல்லை. இசி 2.1 காட்டியது. வெயிலில் செடி சத்தைவிட நீரைத்தான் அதிகம் இழுக்கும், தொட்டியில் உப்பு மிஞ்சும். அதனால் இசியை 1.2க்கு இறக்கினோம். அது சரியான வேலைதான், ஆனால் வாட்டம் அதனால் வந்ததில்லை.

மூன்றாவதாகத்தான் ஒரு செடியைத் தூக்கி வேரைப் பார்த்தோம். வேர் பழுப்பு. விரலால் இழுத்தால் வெளித்தோல் உறைபோல உருவி வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற நீர்க்கிருமி உண்டாக்கும் வேரழுகலுக்கு இதுதான் அடையாளம். அதிலும் வெப்பமான நீரை விரும்பும் வகை ஒன்று உண்டு. 30 டிகிரிக்கு மேல் அதன் வேகம் கூடும். அதன் வித்துகள் நீரில் நீந்திப் போகும், நம் அமைப்பிலோ 6,000 செடிக்கும் ஒரே நீர்.

உடனே டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கரைத்து ஊற்றச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, பதற்றத்தில், மேற்பார்வையாளர் வேறொரு பண்ணையில் கேட்டுக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினார். பெராக்சைடு நல்லது கெட்டது பார்க்காது. நோய்க்கிருமியோடு நாங்கள் விட்ட டிரைக்கோடெர்மாவையும் கொன்றிருக்கும். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தோம். மூன்றில் இரண்டு பங்கு செடி போயிருந்தது.

சேனலின் கடைசியில் வைத்த வெப்பமானி

அன்று நான் குடிலில் இருந்தேன். சேனலின் கடைசியில், நீர் தொட்டிக்குத் திரும்பும் இடத்தில் கையை நனைத்த மேற்பார்வையாளர், "சார், இது குளிக்கிற சுடுதண்ணி மாதிரி இருக்கு" என்றார். இசி மீட்டரை அதில் வைத்தேன். திரையின் மூலையில், சின்ன எழுத்தில், 34.5 என்று வெப்பம் தெரிந்தது. அந்த எண் பத்து மாதமாக ஒவ்வொரு நாளும் மூன்று வேளை எங்கள் கண்முன்னால் வந்துபோயிருக்கிறது. நோட்டில் கட்டம் இல்லாததால் யாரும் எழுதவில்லை.

"இதை எழுதச் சொல்லலையே சார்" என்றார் அவர், வருத்தத்தோடு.

"உங்க தப்பு இல்ல தம்பி, நோட்டுல நான்தான் போடல" என்றேன்.

மறுநாள் வேலைத்தடை நேரத்தில் ஆள் இல்லாமல் தானே பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றைச் சேனலுக்குள் வைத்துவிட்டு வந்தோம். மதியம் 2 மணிக்குத்தான் நீர் உச்சத்துக்குப் போனது. நாங்கள் அளந்த 11 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில், குடிலில் யாரும் இல்லாத நேரம். தொட்டியில் 31 டிகிரியில் கிளம்பிய நீர், வெயில் பட்ட சேனலில் 12 மீட்டர் ஓடியதும் 34, 35 ஆகியிருந்தது.

லெட்டூஸ் வேருக்கு 20 முதல் 24 டிகிரிதான் சுகம். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 34இல் 7 மட்டுமே. அதே நேரம் சூட்டில் வேரின் சுவாசம் கூடி அதற்கு ஆக்சிஜன் இன்னும் அதிகம் வேண்டும். மூச்சுத் திணறிய வேரில்தான் பித்தியம் எளிதாக நுழையும். நோய் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது சூடு.

எடுத்த முடிவுகள்

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் குடிலைக் காலி செய்தோம். உரிமையாளருக்கு அது கடினமான முடிவு, ஓணத்துக்கு முந்திய வாரம், கீரைக்கு நல்ல விலை. மிச்சமிருந்த மூன்றிலொரு பங்கையாவது காப்பாற்றலாமே என்று கேட்டார். ஒரே தொட்டி நீர் ஓடும்வரை நோய் போகாது என்று விளக்கிச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். செடிகளை அகற்றி, குழாய்களைக் கழுவி, கிருமிநாசினி ஓட்டி, இரண்டு வாரம் காயவிட்டோம்.

அடுத்த கேள்வி, எதைக் குளிர்விப்பது? முழுக் குடிலுக்கும் ஏ.சி. போடலாம் என்று ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்தார். அவ்வளவு காற்றைக் குளிர்விக்கும் மின்செலவில் லெட்டூஸ் கட்டுப்படியாகாது. நீரை மட்டும் குளிர்விப்பது அதைவிட மிகச் சிறிய வேலை. வேர் குளிர்ந்திருந்தால் இலை 32, 33 டிகிரிக் காற்றைத் தாங்கிக்கொள்ளும். இந்த வழியை, வறண்ட நில வேளாண்மையை ஆராயும் இக்கார்டா போன்ற நிலையங்கள் அரபுத் தீபகற்பத்தில் ஏற்கெனவே சோதித்திருக்கின்றன. நான் அதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

குளிர்ந்த நீரை என்எஃப்டியில் ஓட்டினால் வெயில் பட்ட சேனல் அதை மீண்டும் சூடாக்கும். பம்ப் நின்ற ஜூன் மாத நினைவும் இருந்தது. ஆகவே பாதிக் குடிலை மிதவைத் தட்டு முறைக்கு மாற்றினோம்: தரையோடு ஆழமான தொட்டி, மேலே தெர்மகோல் தட்டு, தட்டின் துளைகளில் செடி. தட்டே வெயிலை மறைக்கும் போர்வை. நீர் அதிகம் என்பதால் மெதுவாகத்தான் சூடேறும், பம்ப் நின்றாலும் பல மணி நேரம் தாங்கும். காற்றுக்குமிழி விடும் கருவி இரண்டு, ஒன்று பேட்டரியில் ஓடுவது. கலவைத் தொட்டியை மணலில் புதைத்தோம். சில்லர் ஒன்று வாங்கி நீரை 23 டிகிரியில் நிறுத்தினோம். மதிய வெயிலைக் குறைக்க உள்ளே இழுத்துவிடும் நிழல்வலை போட்டோம்.

கடைசி முடிவு பயிரைப் பற்றியது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, மாற்றாத பாதியில் லெட்டூஸே வேண்டாம் என்றேன். உரிமையாளர் தயங்கினார். மேற்பார்வையாளர்தான் வழி சொன்னார்: "தண்டுக்கீரை, பசலை போடலாம் சார். நம்ம ஊர் வெயில்லயே அது சிரிக்கும்." அவர் சொன்னது சரி. தண்டுக்கீரை சூட்டையும் கூர்மையான வெளிச்சத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் இனம். அதோடு எகிப்தியக் குடும்பங்கள் விரும்பும் மொலோகியா என்ற கீரையையும் சேர்த்தோம்.

ஏப்ரல் மழை

2024 ஏப்ரல் 16 அன்று, 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து காணாத மழை பெய்தது. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர். எங்கள் தோட்டத்திலும் கணுக்கால் அளவு நீர் நின்றது. மணலில் புதைத்த தொட்டிக்குள் சேற்றுநீர் புகுந்து, கரைத்து வைத்திருந்த சத்துநீர் முழுவதும் வீணானது. மூடியைத் தரைமட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் பழைய சத்துநீரிலேயே மிதவைகள் நின்றன. தொட்டிகளில் நீர் நிறைய இருந்ததால் செடிகள் தப்பின.

இரண்டாம் கோடை

2024 ஆகஸ்டில் மிதவைத் தொட்டியின் நீர் மதியம் 2 மணிக்கு 24, 25 டிகிரி காட்டியது. காற்று முந்திய ஆண்டைப் போலவே 33. வேர் வெள்ளையாகவே இருந்தது. அறுவடை குளிர்காலத்தைப் போல இல்லை: தலை சிறியது, இலை சற்று மெலிது, ஒரு தொகுதி பூக்கத் தண்டு நீட்டியதால் கசந்து, கொட்ட வேண்டியதாயிற்று. நுனிக் கருகல் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. ஆனால் ஒரு வாரம்கூட விடாமல் லெட்டூஸ் வெளியே போனது. தண்டுக்கீரை எதிர்பார்த்ததைவிட நன்றாக விற்றது. துபாயின் கராமா பகுதியிலுள்ள தமிழ், மலையாளக் கடைகள் காலையில் வெட்டிய கட்டுக்காகக் காத்திருந்து வாங்கின.

இரவில் பேடை நிறுத்தியதாலும், வேர் குளிர்ந்திருந்ததால் பகலிலும் கொஞ்சம் விட்டுப்பிடிக்க முடிந்ததாலும் பேடின் நீர் குறைந்தது. ஆனாலும் செடி குடிப்பதைவிட அதுதான் இன்னும் அதிகம். சில்லரின் மின்கட்டணம் புதுச் செலவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோடையில் லாபம் மெலிது, ஆண்டு முழுக்கப் பார்த்தால் நிற்கிறது. உரிமையாளர் தொடர்கிறார்.

இனிச் செய்வதானால்

நோட்டில் நீர் வெப்பத்துக்குக் கட்டம் முதல் நாளே இருக்கும், அளவு சேனலின் கடைசியில் எடுக்கப்படும், மதியம் 2 மணி அளவைக் கருவி எடுக்கும். வாட்டம் தெரிந்தால் முதலில் ஒரு செடியைத் தூக்கி வேரைப் பார்ப்போம், தொட்டியில் எதையும் ஊற்றுவது அதற்குப் பிறகுதான். வேரை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். 2023இல் கண்ணால் பார்த்தே பித்தியம் என்று முடிவு கட்டினோம், உறுதிசெய்த அறிக்கை எங்களிடம் இல்லை. குடிலை ஒரே தொட்டியில் கட்டாமல் குறைந்தது மூன்றாகப் பிரிப்போம். புதிதாகத் தொடங்க வருபவர்களிடம் நீர்க்கணக்கைப் பேடோடு சேர்த்தே சொல்வேன். அந்த எண்ணைக் கேட்டுப் பின்வாங்குபவர்கள் பின்வாங்கட்டும்.

ஒரு விஷயம் இன்னும் முடியவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றும் பழைய சத்துநீரையும் பேடிலிருந்து கழித்துவிடும் உப்பு நீரையும் என்ன செய்வது? இப்போது இரண்டையும் கலந்து வேலியோரப் பேரீச்சைகளுக்கு விடுகிறோம். பேரீச்சை உப்பைத் தாங்கும் மரம், இரண்டு ஆண்டில் மட்டைகள் பச்சை கூடியிருக்கின்றன. ஆனால் அந்த மண்ணில் உப்பு எவ்வளவு சேர்கிறது என்று நாங்கள் இதுவரை அளந்ததில்லை. வரும் அக்டோபரில் மண் மாதிரி எடுக்கிறோம்.